செடிகளின் கேஷ் புக்

ரணகள்ளி என்றால் பலருக்குத் தெரியாது. "கட்டிப் போட்டால் குட்டி போடும்" என்றால் உடனே தெரிந்துவிடும். ஒரு இலையைப் பறித்து நூலில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டால், மண்ணும் தண்ணீரும் இல்லாமலே இலையின் ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடி, தினமும் திறந்து திறந்து பார்ப்பார்களே, அதே செடிதான். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. இன்று நம்மூர் கொல்லைப்புறச் செடியாகவே ஆகிவிட்டது.

இந்தச் செடிக்கு அறிவியல் வரலாற்றில் ஒரு முக்கியமான இடம் உண்டு என்பது பலருக்கும் தெரியாத சங்கதி. காரணம், ஒருவர் அதன் இலையைக் கடித்துப் பார்த்தார். அதுவும் ஒரே நாளில் பல முறை!

அவர் பெயர் பெஞ்சமின் ஹெய்ன். ஜெர்மன்காரர். மதப்பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக வேலை பார்த்தவர். 1819-ல் சென்னையில் இறந்தார். இந்தச் செடியின் இலை விடிகாலையில் நல்ல புளிப்பாக இருக்கிறது, நடுப்பகலில் சுவையே இல்லாமல் போகிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று கவனித்தார். அதை லண்டனில் இருந்த நண்பருக்குக் கடிதமாக எழுத, அது லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் 1815-ல் அச்சானது. உபகரணம் எதுவும் இல்லை. நாக்கு ஒன்றுதான்.

ஒரே செடி, ஒரே இலை, ஒரே நாள். காலையில் இருந்த சரக்கு மத்தியானம் எங்கே போயிற்று?

ராத்திரி கொள்முதல், பகலில் உற்பத்தி

சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து வைத்துக் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும். வெயிலில் துளை திறந்திருந்தால் தண்ணீரும் ஆவியாகிப் போகும். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள இடத்தில் வாழும் செடிக்கு இது பெரிய நஷ்டம்.

ரணகள்ளி, கற்றாழை வகைகள், சப்பாத்திக்கள்ளி, அன்னாசி எல்லாம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. பகலில் துளைகளை மூடிவிடும். குளிர்ந்த ராத்திரியில் திறந்து, கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றி செல்லுக்குள் இருக்கும் பையில் அடைத்து வைக்கும். பச்சை ஆப்பிளின் புளிப்பும் இந்த அமிலத்தால்தான். பொழுது விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, ராத்திரி வாங்கிப் போட்ட அமிலத்தை உடைத்து, அதிலிருந்து வரும் கார்பனை வைத்து சர்க்கரை செய்யும். மத்தியானத்துக்குள் கோடவுன் காலி. புளிப்பும் காலி.

கம்பெனிக்காரர்கள் சரக்கு விலை குறைவாக இருக்கும்போது வாங்கிப் போட்டு, தேவைப்படும்போது எடுத்து உற்பத்தி செய்வார்கள் அல்லவா, அதே உத்தி. இங்கே விலை என்பது தண்ணீர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த இலையில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று கேட்டால் அதற்கு ஒரே ஒரு பதில் கிடையாது. "எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இரண்டு அவுன்ஸ் வித்தியாசம்

செடிக்குக் கணக்கு எழுதும் பழக்கம் ஹெய்னுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியப் பகுதி மருத்துவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கடைசியில் மரம் 169 பவுண்டு 3 அவுன்ஸ். மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ். ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648-ல் அச்சான கணக்கு இது.

ஆடிட் செய்பவர் கண்ணால் பார்த்தால் இதில் இரண்டு ஓட்டை. முதலாவது, காற்று என்ற பெரிய வரவு கணக்கில் வரவே இல்லை. மரத்தின் கார்பன் முழுக்க அங்கிருந்துதான் வந்தது. இரண்டாவது, அந்த 2 அவுன்ஸ். சில்லறை வித்தியாசம் என்று தள்ளுபடி செய்த அந்தத் தொகைக்குள்தான் பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு, துத்தநாகம் எல்லாம் அடக்கம். மரத்தை எரித்தால் மிஞ்சும் சாம்பல் அதுதான்.

அவர் ஐந்து வருஷம் கழித்து ஒரே ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டார். நடுவில் தினமும் என்ன வரவு, என்ன செலவு என்ற கேஷ் புக் கிடையாது. பேலன்ஸ் ஷீட் ஒரு குறிப்பிட்ட தேதியில் இருப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். ஒரு கடை நன்றாக நடக்கிறதா, தடுமாறுகிறதா என்று தெரிய வேண்டுமானால் கல்லாவில் தினம் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். செடியின் கல்லாவைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

தூங்குமூஞ்சி மரத்தின் பொட்டாசியம்

கல்லூரி வளாகங்களிலும் பழைய நெடுஞ்சாலை ஓரங்களிலும் குடை மாதிரி நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பாருங்கள். சாயங்காலம் ஆனதும் இலைகளை மடக்கிக்கொள்ளும். காலையில் விரிக்கும். தசை இல்லாத மரம் இலையை எப்படி மடக்குகிறது?

ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் மூட்டு மாதிரி ஒரு சின்ன வீக்கம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்து செல்களில் பொட்டாசியம் சேர்ந்தால், அதைத் தொடர்ந்து தண்ணீரும் உள்ளே போய் அந்தப் பக்கம் உப்பும். இன்னொரு பக்கம் பொட்டாசியத்தை இழந்து தளரும். இலை விரியும். சாயங்காலம் இதற்கு நேர்மாறு. ரூத் சாட்டர், ஆர்தர் கால்ஸ்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-களில் இந்தப் பொட்டாசியம் இடமாற்றத்தை அளந்து காட்டினார்கள். மரத்தின் மொத்தப் பொட்டாசியம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஆய்வுக்காக ஒரே ஒரு பாக்கெட்டில் மட்டும் கை விட்டவருக்கு, காலையில் பணக்கார மரம், சாயங்காலம் ஏழை மரம்!

இலைத்துளைகள் திறந்து மூடுவதும் இதே பொட்டாசியத்தால்தான். துளையின் இருபுறமும் காவலுக்கு நிற்கும் இரண்டு செல்கள் பொட்டாசியத்தை இழுத்து உப்பினால் கதவு திறக்கும். வெளியே விட்டால் மூடும்.

வெளிச்சத்துக்குச் செடி காட்டும் எதிர்வினை மட்டும் இது என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சு விஞ்ஞானி மெய்ரான், தொட்டாற்சிணுங்கி மாதிரியான ஒரு செடியை இருட்டு அறையில் வைத்தும் அது நேரத்துக்கு விரிந்து நேரத்துக்கு மடங்கியது என்று 1729-லேயே பதிவு செய்திருக்கிறார். செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

கீரையை எப்போது பறிப்பது?

அடுத்தது நைட்ரஜன். வேர்கள் மண்ணிலிருந்து நைட்ரஜனைப் பெரும்பாலும் நைட்ரேட்டாக எடுக்கின்றன. நைட்ரேட் என்பது மூலப்பொருள் மாதிரி. அதைப் புரதமாக்க முதலில் நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதி அதை உடைக்க வேண்டும். வெளிச்சம் இருந்தால் இந்த நொதி சுறுசுறுப்பாக வேலை செய்யும். இருட்டினால் ஷிப்ட் முடிந்துவிடும். ஆனால் வேர் ராத்திரியிலும் வாங்கிக்கொண்டேதான் இருக்கும். கொள்முதல் நடக்கிறது, உற்பத்தி நடக்கவில்லை. கோடவுனில் சரக்கு சேர்கிறது.

ஆகவே பாலக் போன்ற கீரைகளின் இலையில் நைட்ரேட் ராத்திரியில் கூடி, பகல் வெளிச்சத்தில் குறைகிறது. நல்ல வெயில் அடித்த நாளில் சாயங்காலம் பறித்த கீரையில், அதே பாத்தியில் விடிகாலையில் பறித்ததைவிட நைட்ரேட் குறைவு.

இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். நைட்ரேட் உடம்புக்குள் ஓரளவு நைட்ரைட்டாக மாறும். அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடியது. குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் பச்சைப் பாலக்கில் கிலோவுக்கு 3500 மில்லிகிராம் நைட்ரேட் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. லெட்யூஸ் கீரைக்குக் கோடையில் ஒரு வரம்பு, வெளிச்சம் குறைந்த குளிர்காலத்தில் அதைவிடத் தளர்வான இன்னொரு வரம்பு. சூரியனைப் பார்த்துச் சட்டம் எழுதியிருக்கிறார்கள்!

பயந்து கீரையை நிறுத்த வேண்டாம். காய்கறி மூலம் வரும் நைட்ரேட்டால் பெரிய ஆபத்து இருக்க வாய்ப்பில்லை, காய்கறியின் நன்மையே அதிகம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-ல் சொல்லிவிட்டது. நம்மூர் வெயிலுக்குப் பிரச்சினை இன்னும் குறைவு. ஆனால் யூரியாவை அள்ளிப் போட்டு, மேகமூட்டமான நாட்களில், இருட்டு பிரியும் முன்பே பறித்த கீரை வேறு கதை. சந்தைக்கு விடிகாலையில் போனால்தான் விலை, சாயங்காலம் பறித்தால் வாடிப் போகும் என்பது வியாபாரியின் நியாயம். வேதியியலும் வியாபாரமும் எதிர் எதிராக நிற்கும் இடம் இது. சுலபமான தீர்ப்பு கிடையாது. உரத்தின் அளவைக் குறைப்பது மட்டும் இரண்டு பேருக்கும் லாபம்.

வேரைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர்

இதுவரை பார்த்ததெல்லாம் செடிக்குள் நடப்பது. மண்ணிலும் தினசரி மாற்றம் உண்டு. ஆனால் வயல் முழுக்க அல்ல. வேரை ஒட்டிய மெல்லிய மண் படலத்தில். ஜெர்மனியின் லோரன்ஸ் ஹில்ட்னர் 1904-ல் இதற்கு ரைசோஸ்பியர் என்று பெயர் வைத்தார். வேர்மண்டலம் என்று சொல்லலாம். சில மில்லிமீட்டர் தடிமன்தான், பரபரப்போ மீன் மார்க்கெட் மாதிரி.

நல்ல உதாரணம், இரும்பு. பூமியின் மேலோட்டில் அதிகமாக உள்ள தனிமங்களில் இரும்பு நான்காவது. மண்ணில் பஞ்சமே கிடையாது. ஆனால் சுண்ணாம்பு மண்ணில் அது துரு மாதிரி கரையாமல் கிடக்கும். கோடி ரூபாய் ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது, பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை என்பது போன்ற நிலை. இப்படிப்பட்ட மண்ணில் கரும்பு இலை வெளுத்து மஞ்சளாகும்போது நம் விவசாயிகள் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பது இதற்காகத்தான்.

புல் இனச் செடிகள் சும்மா இருப்பதில்லை. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகாகி, ஓட்ஸ், நெல் வேர்களைக் கழுவிய தண்ணீரில் இரும்பைக் கரைக்கும் பொருள் ஒன்று இருப்பதை 1976-ல் வெளியிட்டார். பார்லி வேரிலிருந்து கிடைத்த பொருளுக்கு முகினிக் அமிலம் என்று பெயர். ஜப்பானிய மொழியில் 'முகி' என்பது பார்லி, கோதுமை வகைத் தானியத்தைக் குறிக்கும் சொல். இந்த அமிலம் வேரிலிருந்து மண்ணுக்குள் போய், கரையாத இரும்பை நண்டு மாதிரி கவ்விக்கொள்ளும். கவ்விய இரும்போடு வேர் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், இரும்புக்கு ஏங்கும் பார்லி இந்த அமிலத்தை நாள் முழுக்க விடுவதில்லை. சூரியன் உதித்து இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு படுத்துவிடும். ஏன் இந்த அவசரம்? மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு இந்த அமிலம் நல்ல சாப்பாடு. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க விட்டால் அவை தின்றுவிடும். ஒரே நேரத்தில் மொத்தமாகக் கொட்டி, அவை சுதாரிப்பதற்குள் இரும்பை அள்ளிக்கொண்டு வந்துவிடுவதுதான் லாபம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். தள்ளுபடி விற்பனையைக் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் மட்டும் வைப்பது போல!

நெல் இந்த வகை அமிலத்தைக் குறைவாகவே சுரக்கும். டோக்கியோ பல்கலைக்கழகக் குழுவினர் பார்லியின் மரபணுக்களை நெல்லுக்குள் வைத்து, இரும்பு கிடைக்காத சுண்ணாம்பு மண்ணில் வளர்த்தபோது, சாதாரண நெல்லைவிடச் சுமார் 4 மடங்கு தானியம் கிடைத்ததாக 2001-ல் அறிவித்தார்கள். காலை நேரத்துச் சின்னக் கசிவு ஒன்று எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

2015-ல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 அளவுகளைச் சொல்கிறது. நல்ல திட்டம். ஆனால் அது வயலின் பல இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து, காயவைத்து, சலித்துப் பார்க்கும் பேலன்ஸ் ஷீட். டெபாசிட் எவ்வளவு என்று சொல்லும். காலை எட்டு மணிக்கு வேரின் கையில் சில்லறை இருந்ததா என்று சொல்லாது.

மத்தியானத்தில் பறக்கும் யூரியா

இப்போது பணம் நேரடியாகப் போகும் இடத்துக்கு வருவோம். நெல் வயல்.

நடவு முடிந்த வயலில் தண்ணீர் நிற்கிறது. பயிர் இன்னும் மூடவில்லை, வெயில் நேராகத் தண்ணீரில் விழுகிறது. பாசி வளர்கிறது. பகலில் பாசி தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும். சோடா தண்ணீர் லேசாகப் புளிப்பதற்குக் காரணமான அதே வாயுதான். அது போய்விட்டால் தண்ணீரின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை ஏறும். மத்தியானத்தில் பி.எச். அளவு 9, சில சமயம் 10 வரைகூடப் போகும். ராத்திரியில் பாசியும் மற்ற உயிரினங்களும் மூச்சு விட, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து மறுபடி இறங்கும். தினமும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. பங்குச் சந்தைக்குக்கூட சனி ஞாயிறு விடுமுறை, இதற்கு விடுமுறையே கிடையாது.

இந்த வயலில் யூரியாவை வீசினால் என்ன ஆகும்? மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள யூரியேஸ் என்ற நொதி சில நாட்களில் அதை அம்மோனியமாக உடைக்கும். அம்மோனியம் உப்பு மாதிரி தண்ணீரில் கரைந்து கிடக்கும், பயிருக்கு உதவும். ஆனால் பி.எச். ஏறினால் அது அம்மோனியா வாயுவாக மாறும். பி.எச். 7-ல் நூறில் ஒரு பங்குகூட வாயுவாக இருக்காது. 9.25-ல் சரிபாதி! அதற்கு மேல் வெப்பமும் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், பறந்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் முதலானவை இதை விரிவாக அளந்திருக்கின்றன. மோசமான சூழ்நிலையில் போட்ட நைட்ரஜனில் பாதி வரைகூடக் காற்றில் போகலாம்.

ஒரு சின்னக் கணக்கு. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. மூன்றில் ஒரு பங்குதான் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், மூட்டைக்கு 15 கிலோ யூரியாவை விவசாயி வானத்துக்கு வீசியிருக்கிறார். அந்த யூரியாவுக்கு அரசு கொடுத்த மானியமும் அதோடு போயிற்று. பயிர் பச்சையாகவில்லை என்று அவர் இன்னொரு மூட்டை வாங்குவார். கடன் நோட்டில் இன்னொரு வரி ஏறும்.

"அப்படியானால் சாயங்காலம் வீசினால் போதுமே" என்று தோன்றும். போதாது. யூரியா உடைய நாட்கள் ஆகும். நடுவில் மத்தியானங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் பகல் வெயிலிலும் பாசியிலும் படாமல் உரத்தை மண்ணுக்குள் கொண்டு போவதுதான் வழி. தண்ணீரை வடித்துவிட்டு யூரியாவை இட்டு, மண்ணோடு கலந்து, பிறகு தண்ணீர் கட்டச் சொல்வது இதற்காகத்தான். மண்ணுக்குள் போன அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே பாசியும் கிடையாது, மத்தியானமும் கிடையாது. பயிர் வளர்ந்து மூடிய பிறகு, கதிர் உருவாகும் பருவத்தில் இடும் மேலுரத்தில் நஷ்டம் குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம். தண்ணீரில் நிழல் விழுந்துவிடுகிறது, பாசிக்கு வேலை இல்லை, வாங்கிக்கொள்ள வேரும் நிறைய இருக்கிறது.

இலை வண்ண அட்டையை வைத்துப் பச்சையைப் பார்த்து யூரியா இடும் முறையிலும் ஒரு விதி உண்டு. ஒரே ஆள், ஒரே நேரத்தில், நேர்வெயில் படாமல் தன் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். "ஒரே நேரத்தில்" என்ற சொல்லைச் சும்மா போடவில்லை.

செடி தனிமத்தைச் செய்யுமா?

இப்படிக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எண்கள் மாறுவதைப் பார்த்து வேறு முடிவுக்குப் போகிறவர்களும் உண்டு. செடியே தனிமங்களை உருவாக்கிக்கொள்கிறது, ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிறது என்பது அந்தக் கட்சி. பிரான்சின் லூயி கெர்வ்ரான் 1960-களில் இதைப் பற்றிப் புத்தகங்களே எழுதினார். பொட்டாசியத்தோடு ஹைட்ரஜன் சேர்ந்து கால்சியம் ஆகிறது, கோழி அப்படித்தான் முட்டை ஓடு செய்கிறது என்றார். 39-உம் 1-உம் 40. கூட்டல் சரிதான்!

ஆனால் இன்னொரு பக்கத்துக் கணக்கையும் எழுத வேண்டும் அல்லவா? பொட்டாசியம் அணுக்கரு ஒரு புரோட்டானை ஏற்றுக் கால்சியமானால், அணு ஒன்றுக்கு 8.3 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வெளிவர வேண்டும். ஒரு கிராம் கால்சியத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 5500 யூனிட் மின்சாரம். மாதம் 200 யூனிட் செலவாகும் வீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் காணும். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழி முட்டை இட்டதும் ஊரே எரிந்திருக்க வேண்டும் :-) அவருக்கு 1993-ல், சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

உண்மையில் இந்தக் கேள்விக்கு அதற்கும் வெகு முன்பே பதில் கிடைத்துவிட்டது. ஜெர்மனியில் வீக்மன், போல்ஸ்டார்ஃப் என்ற இருவர் 1842-ல் வெளியிட்ட சோதனை. கிரெஸ் என்ற சிறு கீரையின் விதைகளை, மண்ணுக்குப் பதிலாகப் பிளாட்டினக் கம்பித் துண்டுகளில் போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் விட்டு வளர்த்தார்கள். வெளியிலிருந்து தூசிகூடப் போகாதபடி மூடி வைத்தார்கள். செடியை எரித்துச் சாம்பலை நிறுத்தார்கள். அதே அளவு விதையை எரித்தால் எவ்வளவு சாம்பலோ, அவ்வளவுதான் இருந்தது. செடி ஒரு துளித் தாதுவைக்கூடப் புதிதாகச் செய்யவில்லை.

இதைச் சும்மா அறிவியல் சண்டை என்று விட்டுவிட முடியாது. செடியே எல்லாவற்றையும் செய்துகொள்ளும் என்று நம்பும் விவசாயி, அறுவடையோடு ஒவ்வொரு வருஷமும் வண்டி ஏறிப் போகும் பொட்டாசியத்தையும் துத்தநாகத்தையும் மண்ணுக்குத் திருப்பித் தர மாட்டார். எருவாகவோ, தழையாகவோ, உரமாகவோ, ஏதாவது ஒரு வழியில் திரும்பி வந்தாக வேண்டும். முதலீட்டை எடுத்து எடுத்துச் சாப்பிட்டால் கொஞ்ச காலம் கடை ஓடும். பிறகு ஒரு நாள் ஷட்டர் இறங்கும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. ஒரே ஒரு பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மூட்டை மூட்டையாகக் கொட்டுவது. செடி எதையும் சும்மா உருவாக்குவதும் இல்லை, எதையும் சும்மா வைத்திருப்பதும் இல்லை. வாங்குகிறது, இடம் மாற்றுகிறது, சேமிக்கிறது, செலவழிக்கிறது. எல்லாவற்றுக்கும் நேரம் வைத்திருக்கிறது.

எந்த வவுச்சராக இருந்தாலும் அதில் தேதி இல்லை என்றால் ஆடிட்டர் திருப்பி அனுப்பிவிடுவார். இலை ஆனாலும், வேர்மண் ஆனாலும், வயல் தண்ணீர் ஆனாலும், அடுத்த முறை யாராவது மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் பையின் மேல் தேதியோடு மணியையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு பேனா போதும். அது இல்லாமல் வரும் எண், பாதிக் கணக்குதான்.